வாசில் மக்காரா மேல் படுத்துக் கிடந்தவர்கள்

கோல் கோட்டுக்கு இரண்டு கஜம் இருக்கும்போது ஆஷ்பி கல்லூரி ஆட்டக்காரர்கள் பதினொரு பேரும் வாசில் மக்காரா மேல் விழுந்து அமுக்கினார்கள். அவன் ஏழு குளிர்காலம் அங்கேயே கிடந்தான். அந்த ஏழு வருடத்தில் எங்கள் ஊர் பிளாக்ஃபோர்க்கில் மாவு விலை மூன்று முறை ஏறியது, ஆளுநர் இரண்டு முறை மாறினார், எங்கள் தேவாலயத்துக்கு மணி வந்தது. ஆட்டம் மட்டும் முடியவில்லை. அந்தக் காலத்து விதி அப்படி. பந்தை வைத்திருப்பவன் தன் வாயால் 'விழுந்தேன்' என்று சொன்னால்தான் ஆட்டம் நிற்கும். சொல்கிறவரை அவனை முன்னால் இழுக்கலாம், பின்னால் தள்ளலாம், மேலே ஏறி உட்காரலாம், அவன் அணிக்காரர்கள் அவனை முட்டித் தள்ளலாம். நடுவர் ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மக்காரா சொல்லவில்லை.

கால்பந்து என்று பேர். காலால் பந்தை உதைத்ததைவிட ஆளை உதைத்ததே அதிகம். அதில் ஹாஃப்பேக் என்பவன் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் தலையைக் கொடுக்கிறவன். தலைக்குக் கவசம் கிடையாது, முடி வளர்த்துக்கொள்வார்கள். மக்காராவுக்கு முடி இயல்பாகவே அடர்த்தி. கார்ப்பாத்திய மலைப்பக்கத்திலிருந்து வந்த ரூசின் குடும்பம், எங்களில் பாதிப்பேரைப் போல. கரி உடைக்கும் கொட்டகையில் கல் பொறுக்கி, பிறகு சுரங்கத்தில் கோவேறு கழுதை ஓட்டி, பிறகு கரி வெட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்க அணிக்கு ஆடினான். அவன் விழமாட்டான் என்று வெளியூர்ப் பத்திரிகைகள் எழுதின. தப்பு. எல்லோரையும் போல விழுவான். விழுந்ததை ஒப்புக்கொள்ளமாட்டான்.

பேர் வாங்கித் தந்த முதல் ஆட்டம் ஹார்லோ மரமில் அணியோடு. ஐந்து பேர் அவன் மேல் தொங்கினார்கள்: இரண்டு பேர் இடுப்பில், இரண்டு பேர் காலில், ஒருவன் கழுத்தில். கோல் கோட்டைத் தாண்டிவிட்டான். ஆனால் பந்தைத் தரையில் தொட்டால்தான் கணக்கு என்பதை மறந்து, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால், ஐந்து பேரோடும் கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்கே போய்விட்டான். கல்யாணமான புதிது. அவன் மனைவி ஒலேனா கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆளுங்களக் கூட்டிட்டு வர்றதா இருந்தா காலைலயே சொல்லக் கூடாதா? இப்போ எங்கேருந்து முட்டைக்கோஸ் உருட்டுவேன் நான்?"

அரிசியும் கறியும் பொதிந்த முட்டைக்கோஸ் இலைகளை ஐவரும் ஒரு கையால் சாப்பிட்டார்கள், மறு கையின் பிடியை விடவில்லை. சாப்பிட்டதும் மக்காரா அவர்களை அப்படியே திரும்பச் சுமந்துபோய்ப் பந்தைத் தரையில் தொட்டான். நடுவர் ஏற்றுக்கொண்டார். கழுத்தில் தொங்கியவன் பிற்பாடு ஒலேனாவின் தங்கையைக் கட்டிக்கொண்டான்.

இந்தச் செய்தி ஆஷ்பி கல்லூரிக்குப் போனது. மேட்டில் இருக்கிறது அந்தக் கல்லூரி, ஐவி படர்ந்த சுவர், மணிக்கூண்டு, எல்லாம் உண்டு. கட்டடங்களுக்குக் கீழே எங்கள் சுரங்கத்தின் கிழக்குக் கிளைகள் ஓடுகின்றன. கல்லூரியைக் கட்டிய காசும் அங்கிருந்துதான் வந்தது, அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. இரண்டு இலையுதிர் காலம் மக்காரா அங்கே, அணியில் ஆடவைக்க அவர்களே சூட்டிய 'திரு. ஆல்காட் வார்டு' என்ற பெயரில் தாவரவியல் மாணவனாக இருந்தான். சனிக்கிழமை மதியம் மட்டும் தாவரவியல் படித்தான், மைதானத்துப் புல்லில் முகத்தை வைத்து. திரு. வார்டு ஓடிய ஓட்டத்தில் பெரிய பெரிய கல்லூரிகள் தோற்றுப்போயின. விருந்தில் கல்லூரித் தலைவர் எழுந்து நின்று, இப்படி ஓடுவதற்கு ரத்தத்திலேயே இருக்க வேண்டும், இந்த நாட்டுக்கு முதல் கப்பலில் வந்த குடும்பங்களின் ரத்தம் வேறெப்படியும் ஓடாது என்று கண் கலங்கப் பேசினார். மக்காராவும் கை தட்டினான், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் வருடக் கடைசியில் அவன் காறை எலும்பு முறிந்தது. அதே வாரத்தில் கல்லூரிக்கு மனசாட்சி விழித்துக்கொண்டது. மாணவரல்லாத ஒருவன் தங்கள் அணிக்குள் ஊடுருவி விளையாட்டின் தூய்மையைக் கெடுத்துவிட்டதாக அறிக்கை விட்டு, அவனை வாசல்வரை கொண்டுவிட்டார்கள். எலும்பு முறியும்வரை தூய்மை எங்கே போயிருந்தது என்று கேட்க அந்த வாசலில் ஆளில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. கரி வெட்ட அது போதும் என்று கம்பெனி மருத்துவர் சொன்னார்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு சுரங்கம் தீப்பிடித்தது அதற்கடுத்த கோடையில். ஒரே வாசல், அந்த வாசலில்தான் தீ. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. எங்கள் சுரங்கத்துக்கும் ஒரே வாசல். இரண்டு வழி வேண்டும் என்று சட்டம் இருந்தது. கம்பெனி வழக்கறிஞர்கள் காற்றுக்காக விட்ட ஒரு குழாயைக் காட்டி, இதோ இரண்டாவது வழி என்று நிரூபித்திருந்தார்கள். அதில் ஒரு பூனை போகலாம். எங்கள் ஊரில் பூனைகள் சுரங்க வேலைக்குப் போவதில்லை. வேல்ஸ்காரரான இத்ரிஸ் பியூ, சுரங்கத்தில் விஷவாயு சோதிக்கிற மேஸ்திரி, சுரங்க அணிக்கும் அவர்தான் தலைவர், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மேலாளர் எல்ஸ்வொர்த் கிரிம்ஷாவைப் பார்க்கப் போனார். மூன்று முறை போனார். மூன்று முறையும் கிரிம்ஷா அவர்களைத் தொப்பியோடு நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தின இரவு விருந்தில்தான் அந்த மனிதர் வாய் திறந்தார். சுருட்டு, வான்கோழி, பத்திரிகைக்காரர்கள், கல்லூரிப் பிரமுகர்கள் எல்லோரும் இருந்தார்கள். கையில் கோப்பையோடு எழுந்து, "கனவான்களே, நம் தொழிலாளர் சகோதரர்கள் இன்னொரு வழி கேட்கிறார்கள். நல்லது. நாளைக்கு நம் கல்லூரி அணியை அவர்கள் அணி வெல்லட்டும். வென்றால் மறுநாளே தோண்டித் தருகிறேன். விளையாட்டு வீரனாக வாக்குக் கொடுக்கிறேன்!" என்றார். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். பத்திரிகைகள் அதைக் கிரிம்ஷாவின் பெருந்தன்மை என்று போட்டன. சாகாமல் வீடு திரும்பும் உரிமையை ஒரு பந்தில் காற்றோடு சேர்த்து அடைத்துக் கொடுத்தவரைப் பெருந்தன்மைக்காரர் என்று போட்டன. அச்சுக் கோர்த்தவன் கை கூசவில்லை.

மறுநாள் ஆலங்கட்டியும் மழையுமாகப் பெய்தது. கடைசி நிமிடங்களில் சுரங்க அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. பந்து மக்காராவிடம் வந்தது. கோணல் காறையோடு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அதைப் பற்றிக் கேட்டால் கையை மட்டும் அசைக்கிறார்கள். இரண்டு கஜம் இருக்கும்போது பதினொரு பேரும் மேலே விழுந்தார்கள். அடியில் அவன் குப்புற, மார்புக்குக் கீழே பந்து. நடுவர் பேராசிரியர் ஆர்விஸ், லத்தீன் கற்பிக்கிறவர், முழங்கால் சேற்றில் படாமல் குனிந்து காதை வைத்தார்.

"மக்காரா, சொல்லிட்டியாப்பா?"

"இன்னும் ரெண்டு கஜம் இருக்குங்க," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

நடுவர் நிமிர்ந்தார். ஆட்டம் தொடர்கிறது என்றார். கூட்டம் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்தது. மேலே கிடந்தவர்கள் எழுந்தால் அவன் ஓடிவிடுவான், அதனால் எழவில்லை. சுரங்க அணியின் மற்றப் பத்துப் பேரும் நாள் முழுக்க அவனைத் தள்ளிப் பார்த்தார்கள், மறுநாள் காலை வேலைக்குப் போனார்கள். போகாவிட்டால் வேறு ஆள் எடுப்பார்கள். படுத்துக் கிடக்க வசதி உள்ளவர்கள் படுத்துக் கிடந்தார்கள், அவ்வளவுதான். பனி பெய்தது. குவியல் மேல் வெள்ளையாகப் படிந்து, மூச்சு வருகிற இடங்களில் மட்டும் கருந்துளை விழுந்தது.

வசதி உள்ளவர்கள் எங்கே கிடந்தாலும் வசதியாகத்தான் கிடக்கிறார்கள். டிசம்பருக்குள் குவியலுக்கு மேல் கித்தான் கூரை வந்தது, இரண்டு அடுப்பு வந்தது, தாய்மார்கள் அனுப்பிய வேலைக்காரிகள் சூப்பு ஊட்டினார்கள். வசந்தத்தில் கல்லூரித் தலைவர் மேலங்கி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து லத்தீனில் வாசித்துப் பதினொரு பேருக்கும் பட்டம் கொடுத்தார். ஒருவனுக்கு அங்கேயே கல்யாணம் நடந்தது. மணப்பெண் குவியலுக்குள் கையை விட்டு, கிடைத்த விரலில் மோதிரம் போட்டாள். சரியான விரல்தானா என்று அவளுக்கு வெகுகாலம் சந்தேகம் இருந்தது. இன்னொருவன் தகப்பன் இறந்து வங்கிக்கு அதிபதியானான், கடன் கேட்டு வருகிறவர்கள் புல்லில் மண்டியிட்டுப் பேசினார்கள். கல்லூரி அணித் தலைவன் சான்சி லெவரிங், கிரிம்ஷாவின் மருமகன், எல்லோருக்கும் மேலே கிடந்தவன், மண்ணோடு இவ்வளவு நெருக்கமான வேட்பாளர் மாநிலத்தில் வேறு யார் என்று சுவரொட்டி அடித்துச் சட்டசபைக்கு ஜெயித்தான். வாக்கெடுப்பு நாட்களில் ஒரு காலை ஆட்டுவான், குமாஸ்தா அதை 'ஆம்' என்று குறித்துக்கொள்வார். மண்ணை அவன் தொட்டதே இல்லை. அவனுக்கும் மண்ணுக்கும் நடுவில் பத்து ஆஷ்பி மாணவர்களும் ஒரு ரூசினும் இருந்தார்கள். விடாமுயற்சி என்ற தலைப்பில் பாதிரிமார்கள் குவியலைக் காட்டிப் பிரசங்கம் செய்தார்கள். படம் போட்ட அஞ்சலட்டை விற்றது. அட்டையில் பதினொரு பேருடைய பெயரும் இருக்கும். அடியில் கிடந்தவன் பெயர் இருக்காது. அவன் இருந்ததால்தானே ஐயா மற்றவர்கள் மேலே இருக்க முடிந்தது! இதை நாங்கள் பிரசங்க நேரத்திலேயே எழுந்து கேட்டிருக்கிறோம். உட்காரச் சொன்னார்கள்.

ஒலேனா தினமும் வந்தாள். அடுப்புப் புகைபோக்கித் தகரக் குழாய் ஒன்றைக் குவியலின் பக்கவாட்டில் செருகி, அது வழியாகப் பீட்ரூட் சூப்பு ஊற்றுவாள், அது வழியாகவே பேசுவாள்.

"யோவ், இருக்கியா?"

"எங்கடி போகப் போறேன்?"

"சொல்லிட்டு எந்திரிச்சு வாயேன். ஊரே சிரிக்குது."

"சொன்னா வழி போயிடும்டி. உன் தம்பி உள்ளதானே வேலை பாக்குறான்?"

அவள் குழாயைத் துடைத்தாள். "இன்னிக்கு உப்பு தூக்கல். அனுசரிச்சுக்க," என்றாள்.

இரண்டாவது வருடத்திலிருந்து அவள் வீடு திரும்பும்போது மடியில் மண் கொண்டுபோக ஆரம்பித்தாள். முன்னால் போக வழியில்லாத மக்காரா கீழே போக ஆரம்பித்திருந்தான். கரி வெட்டுகிறவனுக்கு விரல் இருந்தால் போதும். தோண்டிய மண் பதினொரு பேர் உடம்பின் சந்துகள் வழியாக மேலே ஏறி வந்தது. சட்டைப் பைகளில், காதுகளில், லெவரிங்கின் மீசையில் மண். ஒலேனா அதை வாரிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கொட்டி உருளைக்கிழங்கு போட்டாள். தனக்குக் கீழே ஆள் இடம் மாறுவது தெரிந்து லெவரிங் புகார் செய்தான். பேராசிரியர் ஆர்விஸ் விதிப்புத்தகத்தோடு பெரிய நகரத்து விதிக்குழுவுக்கே போய் ஒரு மாதம் இருந்து திரும்பினார். முன்னால் போவது பற்றி விதி உண்டு, பின்னால் போவது பற்றி உண்டு, பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே போவது பற்றிப் பன்னிரண்டு உட்பிரிவு உண்டு. ஆழம் பற்றி ஒன்றும் இல்லை. கனவான்கள் யாருக்கும் மண்ணுக்குக் கீழே ஓர் உலகம் இருப்பது ஞாபகம் வரவில்லை. குழிக்கு வாய் அகலமாக ஆக, மேலே கிடந்தவர்கள் ஒருவரையொருவர் பின்னிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மூடி போலக் கிடந்தார்கள்.

ஏழாவது வருட வசந்தத்தில், கிழக்குக் கிளையில் வாயு சோதித்துக்கொண்டிருந்த இத்ரிஸ் பியூ விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது கூரையிலிருந்து இரண்டு கால் தொங்கியது. வாயு தலைக்கு ஏறிக் கண் மயங்குகிறதோ என்று, வாயு இருந்தால் நீளும் விளக்குச் சுடரைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

"யாருடா அது?"

"நான்தான் அண்ணே. வாசில். புகையிலை வச்சிருக்கீங்களா?"

பியூ அரைக்கட்டுப் புகையிலையைக் கையெட்டி மேலே கொடுத்தார். "அடப்பாவி, இப்படியே கீழே குதிச்சு வீட்டுக்குப் போய்ச் சேரேன்டா. ஒலேனா பாவம்."

"போகலாம் அண்ணே. போனா இது என்ன? மூடி போட்ட குழி. மேல பதினோரு துரை படுத்திருக்கானுங்க. ஆபத்து சமயத்துல எந்திரிப்பானுங்களா? கோட்டைத் தாண்டிட்டா கம்பெனியே ஏணி வச்சு, காத்து இழுக்குற காத்தாடி வச்சுக் கட்டிக் கொடுக்கணும். நாலு பத்திரிகைக்காரன் முன்னாடி சொன்ன வாக்கு."

பியூ கிளையில் இருந்தவர்களிடம் மட்டும் சொன்னார். கம்பெனிக்குச் சொல்லவில்லை. கிளையில் வேலை செய்தவர்கள் சாப்பாட்டு வேளையில் பழைய மரங்களைக் கொண்டுவந்து குழியின் சுவரில் படி அடித்தார்கள். மக்காரா பந்தோடு திரும்ப மேலேறிக் குவியலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டான், அவன் பாதம்வரை படி போனது. அதற்கு மேல் போக இடமில்லை.

அடுத்த ஜனவரியில் எங்கள் கிறிஸ்துமஸ் அன்று தீப்பிடித்தது. எங்கள் தேவாலயத்தின் பழைய நாட்காட்டிப்படி அது ஜனவரி ஏழாம் தேதி வரும். கம்பெனிக்கு டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ்தான். இன்னொன்று கேட்டால் இரண்டு முறை பிறந்தாரா உங்கள் ஏசு என்பார் கிரிம்ஷா. அதனால் அன்றைக்கும் வேலை. ஒரு நாள் விடுமுறை கொடுத்திருந்தால் அந்தச் சுரங்கத்தில் ஆளே இருந்திருக்கமாட்டார்கள், ஆனால் விடுமுறை கொடுத்துப் பழக்கினால் கெட்டுப்போவோம் என்று அவருக்குப் பயம். காலையில் வாசலின் மேலிருந்த மரக்கட்டடம் பற்றிக்கொண்டது, எரியும் உத்தரங்கள் வாசலுக்குள் சரிந்தன. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் கம்பி அறுந்தது. பூனைக் குழாயிலிருந்து புகை வர ஆரம்பித்தது. கீழே இருந்தவர்கள் பியூவின் பின்னால் கிழக்குக் கிளைக்கு ஓடிப் படிகளில் ஏறினார்கள். முதல் ஆளின் தலை மக்காராவின் உள்ளங்காலில் போய் இடித்தது.

மேலே நாங்கள் மைதானத்துக்கு ஓடினோம். ஒலேனா முதலில் போய்ச் சேர்ந்தாள். குவியலின் இடுக்குகளில் புகை கசிந்துகொண்டிருந்தது.

"எந்திரிங்கடா! உள்ள ஆளுங்க இருக்காங்க, எந்திரிங்க!"

சான்சி லெவரிங் தலையைத் தூக்கினான். அவனுக்கும் கண் எரிந்தது. "அம்மா, நாங்க எழுந்திருக்கத் தயார். அவன் அந்த வார்த்தையைச் சொல்லட்டும். ஏழு வருஷமா அதைத்தானே கேட்கிறோம்?"

"அங்க மூச்சு முட்டிச் சாகுறாங்க, இங்க வார்த்தை கேக்குறியா? உன் நாக்கு அழுக!"

அவள் ஆர்விஸின் கையைப் பிடித்து இழுத்தாள். பேராசிரியர் புத்தகத்தைத் திறந்தார், மூடினார். "விதி என் கையில் இல்லையம்மா," என்றார். விதி அவர் கையில்தான் இருந்தது, தோல் அட்டை போட்டு. கிரிம்ஷாவும் வண்டியில் வந்து இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் குவியலைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம், ஏழு வருடம் பின்னிக் கிடந்தவர்களில் யார் கை யார் கால் என்று பிரிக்க முடியவில்லை. ஒலேனா குழாயில் வாயை வைத்து, வாசில், சொல்லித் தொலை, வழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சொல்லு என்று கத்தினாள். அதற்கு முன் அவளை யாரும் அழுது பார்த்ததில்லை.

மக்காரா சொல்லத்தான் போனான். அவனே பிற்பாடு ஒப்புக்கொண்டான். ஏழு வருடமாகச் சொல்லாத வார்த்தைக்காக வாயைத் திறந்தான், முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போது அவன் இரண்டு உள்ளங்காலிலும் கீழிருந்து கை வந்து பதிந்தது.

"வாயை மூடுடா கழுதை!" என்றார் பியூ. "தள்ளுறோம். பந்தை விட்டுறாதே!"

கீழே படிப்படியாக நின்றவர்கள் ஒருவர் காலை ஒருவர் தோளில் வாங்கித் தள்ளினார்கள். ரூசின், வேல்ஸ்காரன், போலந்துக்காரன், ஐரிஷ்காரன் எல்லோரும் தள்ளினார்கள். ஏழு வருடப் பட்டங்கள், வங்கி, சட்டசபைத் தொகுதி, கித்தான் கூரை எல்லாம் சேர்ந்து பானை மூடி போலத் தூக்கிக்கொண்டு எழுந்தது. இரண்டு கஜம் அந்தரத்தில் போய், கோல் கோட்டுக்கு அப்பால் மொத்தமாகக் கவிழ்ந்தது. கவிழ்ந்த இடத்தில் பந்து தரையைத் தொட்டதை நாங்கள் பார்த்தோம், ஆர்விஸும் பார்த்தார். குழியிலிருந்து ஆட்கள் வந்தார்கள், இருமிக்கொண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு, வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியாக பியூ வந்தார். ஓர் ஆள் உள்ளே தங்கவில்லை. கழுதைகள் தங்கிவிட்டன. அவற்றுக்காக அன்று மாலை ஓட்டிகள் அழுதார்கள்.

கிரிம்ஷா சுரங்கக்காரர்களின் வெற்றியை ஏற்க மறுத்து முறையீடு செய்தார். பெரிய நகரத்து விடுதி ஒன்றில் விதிக்குழு மூன்று நாள் கூடியது, சிப்பி சாப்பிட்டது, தீர்ப்புச் சொன்னது. ஓர் அணிக்குப் பதினொரு ஆட்டக்காரர்களே அனுமதி. அன்று ஆட்டக்காரனைப் பின்னாலிருந்து தள்ளியவர்கள் நூற்றுக்கும் மேல். எனவே புள்ளி செல்லாது. மக்காராவோடு சேர்த்துப் பதினொரு பேர் மட்டும் உயிரோடு வெளியே வந்திருந்தால் செல்லும் என்று குழு அனுதாபத்தோடு குறிப்பிட்டது. அந்த வரியை நாங்கள் திரும்பத் திரும்பப் படித்தோம். எழுதியவருக்கு வீடு இருந்திருக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், இதை எழுதிவிட்டுப் போய் அவர்களோடு சாப்பிட்டிருப்பார். மேலும், பந்தை இரண்டு கஜத்துக்கு முன்னாலிருந்த பழைய இடத்தில் வைத்து, பந்துக்காரன் வாய் திறந்து சொல்லும்வரை ஆட்டம் முன்பிருந்த நிலையிலேயே தொடர வேண்டும் என்று உத்தரவு. ஆட்டத்தில் தோற்கவில்லையாதலால் வாக்கு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கிரிம்ஷா அறிவித்தார். அந்த வருடக் கம்பெனி அறிக்கையில் 'கல்லூரி விளையாட்டுத் துறையின் ஒத்துழைப்போடு கம்பெனி அமைத்துள்ள இரண்டாவது வழி' என்று படத்தோடு போட்டுக்கொள்ள மட்டும் வாக்கு தடையாக இல்லை. ஏணியையும் காத்தாடியையும் நாங்களே வைத்தோம். குழியின் வாயைக் கோல் கோட்டுக்கு அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டோம். அங்கே விதிப்படி ஆட்டம் இல்லை, போக வர இடைஞ்சல் இல்லை.

கல்லூரிக்காரர்கள் பதினொரு பேரும் கீழ்ப்படிதல் உள்ளவர்கள். பழைய இடத்தில் பலகை போட்டு, அதன்மேல் பந்தை வைத்து, மக்காரா படுத்ததும் மேலே விழுந்து அமுக்கினார்கள். மக்காரா என்று அவர்கள் நினைத்து அமுக்கியது ஒரு மாவு மூட்டை. அன்றைக்கு மேலே வந்தவர்கள் எல்லோருக்கும் கரி அப்பிய ஒரே முகம். கரி இல்லாத நாளிலும் அவர்களுக்கு எங்கள் முகமெல்லாம் ஒரே முகம்தான். அவன் பழைய ஆட்டச் சட்டையை மாட்டிக் கட்டி, மூட்டையை ஒலேனாதான் கொண்டுபோய்க் கிடத்தினாள். ஆர்விஸ் குனிந்து காது வைத்தார். மூட்டை சொல்லவில்லை. ஆட்டம் தொடர்கிறது என்றார்.

மக்காரா வீட்டில் இருக்கிறான். முடியை வெட்டிவிட்டாள் ஒலேனா. மல்லாந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை, குப்புறப் படுத்தாலும் முதுகில் பாரம் இல்லாவிட்டால் வருவதில்லை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் மூவரும் அவன்மேல்தான் தூங்குகிறார்கள். பகலில் எங்களோடு கிழக்குக் கிளைக்கு வேலைக்குப் போகிறான். கூட்டமாக மைதானம் வழியாகத்தான் போக வேண்டும். கித்தான் கூரைக்குக் கீழே குவியலில் தலை நரைத்திருக்கிறது. சட்டசபைக்கு லெவரிங் நான்காவது முறையாக நிற்கிறான். எங்கள் காலடிச் சத்தம் கேட்டால் குவியல் கொஞ்சம் அசையும்.

"ஏம்ப்பா, யாரது? மக்காரா கீழேதான் இருக்கானா?"

"இருக்கான் துரை," என்பான் மக்காரா, நடையை நிறுத்தாமல். "நல்லா இறுக்கிப் புடிச்சுக்குங்க."